ரயில் பாலத்தின் அதிர்வை அளக்க: கம்பியா, கம்பியில்லா வலையா?

ரயில் பாலத்தில் அதிர்வு உணரிகள் பொருத்தலாம் என்று பேச்சு எழுந்ததுமே விலைப்பட்டியல் மேசைக்கு வந்துவிடுகிறது. கம்பியில்லா நோடு (உணரி, ரேடியோ, பேட்டரி மூன்றும் சேர்ந்த சிறு பெட்டி) ஒன்று இவ்வளவு, கம்பி வழி உணரி ஒன்று இவ்வளவு, ஆகவே கம்பியில்லாததே லாபம் என்று கணக்கும் முடிந்துவிடுகிறது. ஆனால் மொத்தச் செலவில் நோடின் விலைக்கு இருப்பது சிறிய பங்குதான். மின்சாரம் எங்கிருந்து வரும்? பத்து நோடுகளின் கடிகாரங்களும் ஒத்துப்போகுமா? சேர்ந்த தரவு ஆற்றங்கரையிலிருந்து அலுவலகத்துக்கு எப்படிப் போகும்? பேட்டரி தீர்ந்த அன்று கர்டருக்கு, அதாவது பாலத்தைத் தாங்கும் எஃகு விட்டத்துக்கு, அடியில் இறங்குவது யார்? பணம் போவதும் திட்டம் படுப்பதும் இந்தக் கேள்விகளில்தான்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு பாலத்தை மனதில் வைத்துக்கொள்வோம். ஒற்றைப் பாதை, மேலே 25 கிலோவோல்ட் மின்கம்பி, ஆற்றின் குறுக்கே தலா 18.3 மீட்டர் நீளத்தில் பத்து எஃகு கர்டர் கண்கள் (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி ஒரு கண்). நம் ரயில்வேயில் மிகச் சாதாரணமான அளவு இது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்திலும் தூக்குப் பகுதி நீங்கலாக 99 கண்கள் இதே 18.3 மீட்டர்தான். இந்த நீளத்துக் கண் செங்குத்தாக அதிரும் முதல் அதிர்வெண் பெரும்பாலும் 4 முதல் 11 ஹெர்ட்ஸுக்குள் விழும். பக்கத்து ஸ்டேஷன் சில கிலோமீட்டர் தள்ளி. பாலத்தில் மின் இணைப்பு கிடையாது. மேலே ஓடும் 25 கிலோவோல்ட் நமக்குப் பயன்படாது.

அதிர்வு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கர்டரில் விரிசல் விட்டால் விறைப்பு குறையும், விறைப்பு குறைந்தால் அதிர்வெண் இறங்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. கணக்கு சரிதான், அளவுதான் கைகொடுக்காது. 1993-இல் அமெரிக்காவின் அல்புகர்க்கியில், இடிக்கப்படவிருந்த ஐ-40 நெடுஞ்சாலைப் பாலத்தின் கர்டர் ஒன்றைப் படிப்படியாக அறுத்துக்கொண்டே அதிர்வை அளந்தார்கள். நடுத்தகட்டில் தொடங்கிய வெட்டு அடிப்பட்டையை முழுவதும் துண்டித்த கடைசிக் கட்டத்தில்தான் அதிர்வெண் கண்ணில் படும்படி இறங்கியது. அதற்கு முந்தைய கட்டங்களில், எந்தப் பொறியாளரும் போக்குவரத்தை நிறுத்தியிருக்கக்கூடிய வெட்டு அங்கே இருந்தும், அதிர்வெண் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

சுவிட்சர்லாந்தின் இசட்-24 பாலம் இன்னொரு பாடம். 1997-98-இல் ஏறத்தாழ ஓராண்டு கண்காணித்துவிட்டு, இடிப்பதற்கு முன் அதை வேண்டுமென்றே படிப்படியாகச் சேதப்படுத்தினார்கள். குளிர்காலத்தில் தார்ப்பரப்பு உறைந்து விறைத்ததால் வந்த அதிர்வெண் மாற்றம், சேதத்தால் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது. நமக்குப் பனி இல்லை, வெயில் இருக்கிறது. நியூ மெக்சிகோவின் அலமோசா கேன்யன் பாலத்தில் ஒரே நாளுக்குள், வெப்பநிலை மாறியதால் மட்டும், முதல் அதிர்வெண் சுமார் 5 சதவீதம் ஏறி இறங்கியது. காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் வெயில் வாங்கும் நம் கர்டர்களுக்கும் இதே சிக்கல்தான்.

ஆகவே மயிரிழை விரிசலைப் பிடிக்க அதிர்வு உணரி வாங்காதீர்கள். அதற்குக் கண்ணும், சுத்தியலும், அல்ட்ராசோனிக் சோதனையும்தான் வழி. அதிர்வு நன்றாகச் சொல்லும் விஷயங்கள் வேறு. பேரிங் (கர்டர் தூணின் மேல் அமரும் தாங்கி) துருவேறி இறுகிவிட்டதா? வெள்ளத்தில் தூணின் அடிமண் அரித்துப்போய் தூண் பக்கவாட்டில் தளர்ந்துவிட்டதா? ஒரு குறிப்பிட்ட கண்ணில் மட்டும் சக்கரம் ஏறும்போது அடி பலமாக விழுகிறதா? இவற்றுக்கு அதிர்வு நல்ல சாட்சி.

நம் பாலத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. பத்துக் கண்களும் ஒரே அளவு, ஒரே வெயில், ஒரே ரயில். போன வருடத்து அளவோடு இந்த வருடத்து அளவை ஒப்பிட்டால் வெப்பநிலை குறுக்கே வரும். ஒரே நிமிடத்தில் ஒரே ரயிலுக்குப் பத்துக் கண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் வெப்பநிலையின் பங்கு பெரும்பாலும் கழிந்துபோகும். ஒன்பது கண்கள் ஒருமாதிரியும் ஏழாவது கண் மட்டும் வேறுமாதிரியும் இருந்தால் கீழே இறங்கிப் பார்க்கக் காரணம் கிடைத்துவிடும். எந்த முறையைத் தேர்வு செய்வது என்ற கேள்விக்கு என் பதில் இந்த இடத்திலிருந்துதான் பிறக்கிறது.

கம்பி வழி

கம்பி வழி முறையின் பலத்தைக் குறைத்துப் பேசக் கூடாது. ஹாங்காங்கில் 1,377 மீட்டர் நடுக்கண் கொண்ட சிங் மா தொங்குபாலத்தில் 350-க்கும் மேற்பட்ட அளவீட்டுத் தடங்களோடு, பாலம் திறந்த 1997 முதல் இயங்கும் அமைப்பு இந்தத் துறைக்கே முன்மாதிரி. மின்னியாபொலிஸில் 2007 ஆகஸ்ட் 1 அன்று ஐ-35டபிள்யூ பாலம் இடிந்து 13 பேர் இறந்த பிறகு, அதே இடத்தில் 2008 செப்டம்பரில் திறந்த புதிய பாலத்தில் 300-க்கும் மேற்பட்ட உணரிகளைக் கட்டும்போதே பதித்துவிட்டார்கள். இரண்டிலும் கவனிக்க வேண்டியது, கம்பிக்கான குழாய்கள் பாலத்தோடு சேர்ந்தே வந்தன என்பது. புதுப் பாலம் கட்டுகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், கம்பி போடுங்கள். மின்சாரம், ஒத்த நேரம், இடைவிடாத தரவு எல்லாம் அதில் ஒன்றாக வந்துவிடும்.

பழைய பாலத்தில் கதை வேறு. 1998 வாக்கிலேயே ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்ட்ரேசரும் கிரெமிட்ஜியனும் கம்பியில்லா நோடுகளைக் கையில் எடுத்ததற்குக் காரணம், சோதனை நேரத்தில் பெரும்பகுதியைக் கம்பி இழுக்கும் வேலையே விழுங்கியதுதான். நம் பாலத்தில் அதற்கு ஒவ்வொரு நாளும் லைன் பிளாக் (வேலைக்காக ரயில்களை நிறுத்திவைக்கும் நேரம்) வாங்க வேண்டும். ஒன்றரை மணி நேர பிளாக்கில் எத்தனை மீட்டர் கேபிள் கட்டிவிட முடியும்? கட்டிய கேபிள் 25 கிலோவோல்ட் மின்கம்பிக்குக் கீழே, 180 மீட்டருக்கு மேல், அதற்கு இணையாக ஓடும். செப்புக் கம்பி அப்படி ஓடினால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வாங்கிக்கொள்ளும், இடி மின்னல் நாளில் திடீர் மின்னழுத்த எழுச்சியையும் கூட்டி வரும். ஒளியிழைக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஆனால் உணரியாகப் பயன்படும் பிராக் கிரேட்டிங் வகை ஒளியிழை முதன்மையாகத் திரிபை, அதாவது எஃகு நீள்வதையும் சுருங்குவதையும், அளப்பது, அதன் வாசிப்புக் கருவியும் விலை கூடியது. முக்கியமான ஒரே ஒரு பெரிய கண்ணுக்கு அது பொருந்தும். பத்துச் சாதாரணக் கண்களுக்கு அதிகப்படி.

1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் ஷெர்சர் தூக்குப் பகுதி போன்ற இடத்தை இந்தக் கணக்கிலிருந்து விலக்கிவிட வேண்டும். அங்கே பழுது ஒரே இடத்தில் குவிந்திருந்தது. ஆள் எப்போதும் இருந்தார். உப்புக்காற்றில் அரித்த அந்தத் தூக்குப் பகுதியின் பலவீனத்தால்தான் 2022 டிசம்பர் 23-இல் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அப்படியொரு ஒற்றைக் கவலை இருக்கும் பாலத்தில் குறுகிய தூரத்துக்குக் கம்பி போடுவதே சரி.

எந்நேரமும் ஓடும் கம்பியில்லா வலை

இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் சுட்டிக்காட்டும் சோதனை 2006-இல் கோல்டன் கேட் பாலத்தில் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு செய்தது. 1,280 மீட்டர் நடுக்கண்ணிலும் தெற்குக் கோபுரத்திலும் 64 நோடுகள், நொடிக்கு 1,000 மாதிரிகள், நேரப் பிசகு 10 மைக்ரோ நொடிக்கும் குறைவு, அளவின் துல்லியம் 30 மைக்ரோ-ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம், மைக்ரோ-ஜி அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). இது ஒரு சாதனை, சந்தேகமில்லை. ஆனால் முடிவெடுப்பவர் பார்க்க வேண்டிய எண் வேறொன்று. தரவு ஒரு நோடிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவி 46-ஆவது தாவலிலிருந்து வந்து சேர்ந்தபோது வேகம் நொடிக்கு 441 பைட். நீளமான பாலத்தில் நோடுகள் ஒரே வரிசையில்தான் நிற்க முடியும். ஒவ்வொரு தாவலும் வேகத்தைத் தின்னும்.

நம் பாலத்துக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 200 மாதிரி, மூன்று அச்சு, மாதிரிக்கு 2 பைட் என்றால் ஒரு நோடு நொடிக்கு 1,200 பைட் தரும். கண்ணுக்கு மூன்று வீதம் 30 நோடுகள் சேர்ந்தால் நொடிக்கு 36,000 பைட், அதாவது 288 கிலோபிட். ஜிக்பீ வகை ரேடியோவின் பெயரளவு வேகமே 250 கிலோபிட். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆக, அந்த வகை ரேடியோவை வைத்துக்கொண்டு இடைவிடாமல் மூல அலைவடிவத்தை அனுப்புவது கணக்கிலேயே நடக்காது. வைஃபை போட்டால் வேகம் கிடைக்கும், பேட்டரி போய்விடும். லோராவுக்கு எட்டும் தூரம் அதிகம், மின்செலவு குறைவு. ஆனால் நொடிக்குச் சில கிலோபிட்தான் போகும். அதில் "உச்ச அதிர்வு இவ்வளவு, அதிர்வெண் இவ்வளவு" என்று நோடே கணக்கிட்ட ஓரிரு எண்களை மட்டும் அனுப்பலாம். அந்த எண் ஒருநாள் விசித்திரமாக வந்தால் ஏனென்று தேடிப் பார்க்க அலைவடிவம் கையில் இருக்காது. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

மின்சாரம் இதைவிடக் கடினம். ரேடியோவும் உணரியும் விழித்திருக்கையில் 20 மில்லிஆம்பியர் இழுக்கும் நோடு, 2,500 மில்லிஆம்பியர்-மணி கொண்ட பேட்டரியில் 125 மணி நேரம் ஓடும். ஐந்தே நாள். ஆகவே சோலார் வேண்டும். தென்கொரியாவின் ஜிந்தோ கம்பிவடப் பாலத்தில் 2009-இல் 70 நோடுகளோடு தொடங்கி, 2010-இல் 113 நோடுகளாகப் பெருக்கிய இல்லினாய், கொரியாவின் கேஏஐஎஸ்டி, டோக்கியோ பல்கலைக்கழகங்களின் கூட்டுக்குழு சூரியத் தகடுகளைத்தான் பரவலாக நம்பியது. அங்கே பாலத்தின் மேலே வெயில் தாராளம். நம் கர்டருக்கு அடியில் வெயில் விழாது. தகடு தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மேலே நிற்க வேண்டும். அங்கே அது சரளைக்கல் தெறிப்பும், பிரேக் தூசியும், திருட்டும் தாண்டி நிலைக்க வேண்டும். ஆளில்லாத ஆற்றுப்பாலத்தில் சூரியத் தகடு எத்தனை மாதம் இருக்கும் என்று தண்டவாளத்தை நடந்து பார்த்துவரும் அந்தப் பகுதி கீமேனைக் கேளுங்கள். திட்ட அறிக்கையைவிட அவர் பதில் நம்பகமானது.

ரயில் வரும்போது மட்டும் விழிக்கும் வலை

ஐஐடி கான்பூரில் கமேஸ்வரி செப்ரோலு, பாஸ்கரன் ராமன் குழுவினர் 2008-இல் வெளியிட்ட பிரைமான் வடிவமைப்பு இந்த இடத்தில் மிகவும் பொருந்துகிறது. இந்திய ரயில் பாலங்களை நினைத்தே செய்யப்பட்டது அது. நோடுகள் பெரும்பாலும் தூங்குகின்றன. ரயில் நெருங்குவது தெரிந்ததும் விழித்து அளக்கின்றன. சேர்ந்த தரவைக் கரையில் இருக்கும் கேட்வேக்கு (தரவைத் திரட்டி வெளியே அனுப்பும் கருவி) அனுப்பாமல், பிறகு கடந்துபோகும் ரயிலிலேயே ஏற்றிவிடுகின்றன. மின் இணைப்போ செல்போன் சிக்னலோ இல்லாத பாலத்துக்கு இது அழகான யோசனை. பராமரிப்பே இல்லாமல் சுமார் ஒன்றரை ஆண்டு ஓடலாம் என்பது அவர்கள் மதிப்பீடு.

அந்த ஒன்றரை ஆண்டு மிகையல்ல என்பதைக் கையாலேயே சரிபார்க்கலாம். அதே 20 மில்லிஆம்பியர் நோடு நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்திருந்தால் சராசரி 0.2 மில்லிஆம்பியர், 2,500-ஐ அதால் வகுத்தால் 12,500 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 17 மாதம். தூக்கத்தில் கசியும் மின்சாரத்துக்குச் சில மாதம் கழித்தாலும் ஓராண்டு நிற்கும்.

இதில் சூட்சுமம் விழிக்கும் நேரத்தில் இருக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் ரயில் நொடிக்கு 28 மீட்டர் நகரும். 400 மீட்டர் முன்னதாக அதைக் கண்டுபிடித்தாலும் கையில் இருப்பது 14 நொடி. அதற்குள் எல்லா நோடுகளும் விழித்து, நேரத்தை ஒத்துக்கொண்டு, அளக்கத் தொடங்க வேண்டும். நம் சாதாரணப் பாலத்துக்கு இன்னும் எளிய வழி உண்டு: பாலத்துக்கு இருபக்கமும் தண்டவாளத்தை ஒட்டி ஒரு காவல் நோடு, ரயில் வரும் நடுக்கம் தட்டியதும் அது மற்றவற்றை எழுப்பும். முதல் சில நொடிகள் தவறினாலும் பெரிய இழப்பில்லை. ரயில் கர்டர் மேல் இருக்கும்போது ரயிலின் எடையும் சேர்ந்தே அதிர்வதால் அதிர்வெண் மாறித்தான் தெரியும். கடைசிச் சக்கரம் இறங்கிய பிறகு கர்டர் தானாக அதிர்ந்து அடங்கும் அந்தச் சில நொடிகள்தான் பாலத்தின் சொந்தக் குரல். அதைத் தவறவிடக் கூடாது.

தரவும் அடங்கிவிடுகிறது. ஒரு ரயிலுக்கு 60 நொடி பதிந்தால் நோடுக்கு 72 கிலோபைட். கண்ணுக்கு ஒரு நோடு வீதம் பத்துக்கு 720 கிலோபைட். நிகர வேகம் நொடிக்கு 50 கிலோபிட் மட்டுமே கிடைத்தாலும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். நாளுக்கு எல்லா ரயிலையும் பதிய வேண்டியதில்லை. ஒரே வகைச் சரக்கு ரயில் இரண்டு, பயணிகள் ரயில் ஒன்று போதும்.

கடிகாரமா, நிசப்தமா

எந்த உணரி, எவ்வளவு ஒத்த நேரம் என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. கோல்டன் கேட் போன்ற பாலத்தின் மிகத் தாழ்ந்த செங்குத்து அதிர்வெண் 0.1 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். பத்து நொடிக்கு ஓர் அலை. அங்கே கடிகாரம் ஒரு மில்லிநொடி பிசகினாலும் அந்த அலைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதிர்வு அவ்வளவு மெல்லியது என்பதால் உணரியின் சொந்த இரைச்சல் மிகமிகக் குறைவாக இருக்க வேண்டும். குட்டைக் கர்டரில் நிலைமை தலைகீழ். ரயில் வந்தால் அதிர்வு பலமாகவே இருக்கும், கடிகாரம்தான் கவலை. 10 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிநொடி பிசகு 3.6 பாகைக் கட்டப் பிழை (ஒரு முழு அலை 360 பாகை), பத்து மில்லிநொடி என்றால் 36 பாகை. கர்டர் எந்த வடிவில் வளைந்து அதிர்கிறது என்பது அப்போது பொய்யாகிவிடும்.

ஆனால் கண்ணுக்குக் கண் அதிர்வெண்ணையும் உச்சத்தையும் மட்டும் ஒப்பிடுவதாக இருந்தால் இந்தக் கவலையும் பாதி போய்விடும். ஒரு நோடின் பதிவிலிருந்தே அதிர்வெண்ணை எடுக்கலாம். பக்கத்து நோடின் கடிகாரம் அதற்குத் தேவையில்லை. இதனால்தான் கேள்வியை முதலில் முடிவு செய்யச் சொல்கிறேன். பத்துக் கண் ஒப்பீடு போதுமென்றால் ஒத்த நேரத்துக்காகக் கொடுக்கும் கூடுதல் விலையும் சிக்கலும் மிச்சம்.

உணரி தேர்வில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பொம்மை டிரோன்களில் வரும் எம்பியூ-6050 வகைச் சில்லின் இரைச்சல், அளக்கும் அதிர்வெண் அகலத்தின் வர்க்கமூலத்தோடு பெருகும் கணக்கில், 400 மைக்ரோ-ஜி அளவு. 50 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு அது 2.8 மில்லி-ஜி ஆகிறது. ஏடிஎக்ஸ்எல்-355 வகையில் இரைச்சல் 25 மைக்ரோ-ஜி அளவு, அதே அகலத்துக்கு 0.18 மில்லி-ஜி. ரயில் மேலே ஓடும்போது முன்னதும் சமாளிக்கும். நாம் விரும்பும் அந்த அடங்கும் நொடிகளில் அதிர்வு தேய்ந்து மில்லி-ஜி கணக்குக்கு வரும்போது முன்னது இரைச்சலில் மூழ்கிவிடும்.

நான் எதை வாங்குவேன்

இந்தப் பத்துக் கண் பாலத்துக்கு நிரந்தர முழு வலை வேண்டாம். பன்னிரண்டு நல்ல கம்பியில்லா நோடுகளை ஒரே தொகுப்பாக வாங்கி, ஒரு பாலத்தில் பத்து நாள் வைத்து எடுத்து, கழற்றி அடுத்த பாலத்துக்குக் கொண்டுபோவேன். மழைக்கு முன் ஒரு முறை, வெள்ளம் வடிந்த பின் ஒரு முறை. பத்து நோடுகள் கண்களின் நடுவில், இரண்டு மாற்று. ஒரே தொகுப்பு ஓராண்டில் பல பாலங்களுக்குப் பயன்படும். எந்நேரமும் ஓடும் வலைக்கு ஆகும் செலவில் ஒரு பாலத்தை மட்டும் பார்ப்பதைவிட, ஒரு செக்‌ஷனில் இருக்கும் எல்லாப் பாலங்களையும் ஆண்டுக்கு இருமுறை பார்ப்பது பயணிகளுக்கு நல்லது என்று உறுதியாக நம்புகிறேன்.

நிரந்தரமாக வைப்பதென்றால் ஆற்றின் ஆழமான ஓட்டத்தில் நிற்கும் இரண்டு மூன்று தூண்களின் தலையில் மட்டும், ரயிலுக்கு விழிக்கும் வகையில். வெள்ளக் காலத்தில் அடிமண் அரிப்பைக் கண்ணால் பார்க்க வழியில்லை. தூணின் பக்கவாட்டு அதிர்வெண் இறங்குவது அப்போது கிடைக்கும் வெகுசில அறிகுறிகளில் ஒன்று.

2022-இல் எம்ஐடி சார்ந்த ஆய்வாளர்கள், கார்களில் இருந்த ஸ்மார்ட்போன்களின் பதிவிலிருந்தே கோல்டன் கேட்டின் அதிர்வெண்களை எடுத்துக் காட்டினார்கள். ரயிலில் உணரி வைத்துப் போகிற போக்கில் பாலத்தை அளக்கும் ஆசைக்கு அது தெம்பு தரும். ஆனால் 18 மீட்டர் கண்ணை 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சக்கரம் முக்கால் நொடிக்குள் கடந்துவிடும். அந்த நேரத்தில் கிடைப்பது சில அலைகள் மட்டுமே. இப்போதைக்கு நம் பாலத்துக்கு அதை நம்ப மாட்டேன்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. பெயின்ட் மேல் காந்தத்தை ஒட்டினால் உணரி தன் பங்குக்குத் தனியாக ஆடும். கர்டரின் அடிப்பட்டையில் பெயின்டைச் சுரண்டி, கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும், கழற்றியதும் துரு பிடிக்காமல் பிரைமர் அடித்துவிட வேண்டும். ஆன்டெனா எஃகுத் தகட்டை ஒட்டி இருந்தால் சிக்னல் செத்துவிடும், ஒரு சாண் தூரமாவது விலகி நிற்கட்டும். பெட்டியின் கம்பித்துளைகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி விட்டால் மழை இறங்கும், திறந்து விட்டால் குளவி கூடு கட்டும்.

டெண்டரில் நான்கு நிபந்தனைகளை விட்டுக்கொடுக்காதீர்கள். மூல அலைவடிவம் முழுவதும் திறந்த கோப்பு வடிவில் ரயில்வேயின் கைக்கு வர வேண்டும், விற்பவரின் இணையத்தளத்தில் மட்டும் கிடக்கக் கூடாது. ஒவ்வொரு பாலத்திலும் வேலை தொடங்கும் முன் எல்லா நோடுகளையும் ஒரே கண்ணின் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு ரயிலைப் பதிய வேண்டும். பன்னிரண்டும் ஒரே அலையைக் காட்டவில்லையென்றால் மேற்கொண்டு அளப்பதில் பொருளில்லை. ஒவ்வொரு பதிவோடும் கர்டரின் வெப்பநிலை சேர்ந்து வர வேண்டும். கடைசியாக, ஏழாவது கண் வேறுமாதிரி என்று அறிக்கை வந்தால் எத்தனை நாளுக்குள் யார் இறங்கிப் பார்ப்பது, அதுவரை அந்தப் பாலத்தில் வேகக் கட்டுப்பாடு போடுவது யார் பொறுப்பு என்பதைப் பதவியோடு எழுதிய பிறகே உத்தரவில் கையெழுத்திடுங்கள்.